வெள்ளியை நீ வகுக்கத் தொடங்கிய நாள்

போய்,

நீ போனில் கேட்ட பிறப்புப் பத்திரம் கிடைத்துவிட்டது. அலமாரியில் என் கல்யாணப் புடவைக்கு அடியில், பிளாஸ்டிக் கவருக்குள் கசங்காமல் இருக்கிறது. எடுத்து மேசைமேல் வைத்தேன். வாசலில் உங்கப்பா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் மறுபடியும் புடவைக்கு அடியில் தள்ளிவிட்டேன். மாங்காய் திருடி மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நான் முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "என்னம்மா, நகை ஏதும் அடகுக்குப் போகுதா?" என்று கேட்டார். "இல்லீங்க, கரப்பான் பூச்சி," என்றேன். உடனே துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் மனுஷர். இல்லாத கரப்பானை அலமாரிக்கு அடியில் குனிந்து குனிந்து தேடினார். சிரிப்பு வந்தது. நடுவிலேயே அது வேறு மாதிரி ஆகிவிட்டது, குசினிக்குள் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ மூச்சுவிடாமல் சொன்னாய். சிங்கப்பூரில் குடியுரிமைக்கு ஒப்புதல் வந்துவிட்டது. இரண்டு நாட்டையும் வைத்துக்கொள்ள முடியாது. மலேசிய ஐசி அடையாள அட்டையையும் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும், ஒரிஜினல். நான் உடனே, "அந்தப் பாஸ்போர்ட் என்ன கலர்டா?" என்று கேட்டேன். "சிவப்பும்மா." "இதுவும் சிவப்புத்தானே, அப்புறம் எதுக்குடா மாத்துற, கலராவது வேற எடு!" நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க லா. என்னால முடியாது," என்றாய். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி நான்தான் போனை வைத்தேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

இந்த நாட்டில் பாதி வீட்டில் மூத்த பையனுக்கு 'போய்' என்றுதான் பெயர். 'பையன்' என்பதற்கு வெள்ளைக்காரன் விட்டுப்போன சொல். பள்ளிக்கூடத்தில் எவ்வளவு அழகான பெயர் எழுதியிருந்தாலும் வீட்டில் போய்தான். நாங்கள் இங்கிலீஷில் கூப்பிட்டோம், நீ தமிழில் எடுத்துக்கொண்டாய். சரி, இந்த மாதிரி ஜோக்கெல்லாம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கும், நிறுத்த முடியாது என்று உனக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்ல வேண்டியது மட்டும் வாயில் வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உன் பெண்டாட்டி மாலினிக்கும் படித்துக் காட்டு. வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கும் எந்த அம்மாவுக்கும் வேண்டுமானாலும் படித்துக் காட்டு. பிரிக்பீல்ட்ஸில் மணி சேஞ்சர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே வயதானவள் நான். எனக்குத் தெரிந்த படிப்பு ஒன்றே ஒன்றுதான், ஒரு நாட்டுக் காசைக் கொடுத்து இன்னொரு நாட்டுக் காசை வாங்குவது. எதைச் சொல்ல வந்தாலும் நான் அந்த வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது.

நீ சின்னப் பிள்ளையாக என்னோடு கடைக்கு வருவாயே, அப்போது இந்தோனேசியா நோட்டு ஒன்றை உன் கையில் வைத்தேன் ஞாபகம் இருக்கிறதா? பூஜ்யமெல்லாம் ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு நிற்கும். "போய், உனக்கு லாட்டரி விழுந்திருக்கு. யார்கிட்டயும் சொல்லாதே," என்றேன். சொல்லாதே என்றால் நீ ஊருக்கே சொல்லுவாய் என்று தெரிந்துதான் சொன்னேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் வகுப்புக்கே மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கித் தருகிறேன் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாய். கேன்டீன் ஆன்டி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இத மாத்தினாக்கூட ஒனக்கும் இன்னொருத்தனுக்கும்தான் மீ வரும். மத்தவன்லாம் வேடிக்கை பாக்க வேண்டியதுதான்," என்றாராம். வீட்டுக்கு வந்து கோபத்தில் என் தேத்தண்ணியில் உப்பைப் போட்டாய், நான் குடித்தேன். ஆனால் அன்றைக்கு நீ கற்றுக்கொண்டதைப் பெரிய படிப்புப் படித்தவர்கள்கூடக் கடைசிவரை கற்றுக்கொள்வதில்லை. நோட்டில் எத்தனை பூஜ்யம் என்பதில் ஒன்றும் இல்லை. அந்த ஊர்க் கடையில் அது எத்தனை தட்டு மீ வாங்கும் என்பதுதான் அந்தக் காசு.

அப்புறம் ஒரு நாள் கடை ரேட் போர்டைக் காட்டி, "ஏம்மா ஒரே காசுக்கு ரெண்டு நம்பர்?" என்று கேட்டாய். ஒன்று நாங்கள் வாங்கும் விலை, இன்னொன்று நாங்கள் விற்கும் விலை. போர்டில் பேசுவது கடை, வாடிக்கையாளர் இல்லை. இது புரியாமல் எத்தனை பேர் கண்ணாடியைத் தட்டிச் சண்டை போட்டிருக்கிறார்கள்! "அக்கா, அங்க ஒண்ணு போட்டிருக்கீங்க, இங்க ஒண்ணு தர்றீங்க!" இரண்டு நம்பருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் முதலாளியின் கார், என் சம்பளம், நீ காலையில் தின்ற நாசி லெமாக். 'கமிஷன் கிடையாது' என்று எழுதியிருந்தால் கமிஷன் ரேட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ஏர்போர்ட் கவுண்டரில் அந்த இடைவெளி இன்னும் அகலமாக இருக்கும், அவசரக்காரனுக்கு வேறு வழியில்லை என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது எல்லாரும் போனை நீட்டி, "இதுல இப்படிப் போட்டிருக்கே?" என்கிறார்கள். அது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நட்டநடுவில் இருக்கிற விலை. கல்யாண வீட்டு வாசலில் போட்ட கோலம் மாதிரி. பார்க்கலாம், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது.

உனக்கு அதெல்லாம் போதவில்லை. "மாத்திட்டு மறுபடியும் திருப்பி மாத்தினா?" என்றாய். பழைய ரசீதின் பின்பக்கம் நம் ரிங்கிட்டில் ஒரு நூறு வெள்ளியைப் போட்டு அதைச் சிங்கப்பூருக்கு அனுப்பி, திரும்ப அழைத்து, மறுபடி அனுப்பி, மறுபடி அழைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நூறு வெள்ளி சோப்புக் கட்டி மாதிரி தேய்ந்துகொண்டே வந்தது. "யாரும் திருடலியே, எங்கம்மா போச்சு?" என்று கேட்டாய். "போறதுக்கு ஒரு விலை, திரும்பி வர்றதுக்கு ஒரு விலை. வந்துட்டுப் போய்ட்டு இருக்கிறவன்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சுக்குவாங்க," என்றேன். நான் காசைப் பற்றித்தான் சொன்னேன்.

சிங்கப்பூர் வேலைக் கடிதம் வந்த அன்று உன் சம்பளத்தை முதலில் பெருக்கியது யார்? நான்தான். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று வெள்ளி சொச்சம் என்று கடைக் கால்குலேட்டரில் பெருக்கி அந்த நம்பரைக் கண்ணாடிக்கு வெளியே இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். வாழ்க்கையில் ஒரு நாள்கூட வீட்டைப் பெருக்கியிராத நீ, அங்கே போன பிறகு பார்த்ததையெல்லாம் பெருக்க ஆரம்பித்தாய். "அம்மா, ஒரு தே தாரிக் நம்ம காசுக்கு எவ்ளோ வருது தெரியுமா? மூணால பெருக்கினா தொண்டையில எறங்க மாட்டேங்குது." "அப்ப பெருக்காம குடிடா." "முடியலையேம்மா." ரொட்டியும் சார்டினுமாகத் தின்று காலத்தை ஓட்டினாய். எனக்கு வயிறு எரிந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை உன்னிடம் சொன்னதில்லை. வெளியூரில் விலையைப் பார்த்துப் பெருக்குகிறவன் ஊருக்குத் திரும்புகிறவன். சுற்றுலா போகிறவன் பெருக்குவான், வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன் பெருக்குவான். அவனுடைய அசல் காசு எங்கேயோ வேறு இடத்தில் இருக்கிறது. உன்னுடையது இங்கே கிள்ளானில், நம் வீட்டில் இருந்தது.

வெள்ளியின் மதிப்பு விழுந்தபோதெல்லாம் நீ கூப்பிடுவாய். "அம்மா, இன்னிக்கு ரேட் சூப்பர், அனுப்பிட்டேன், பாருங்க!" மொத்தமாக அனுப்பாதே, நாளைக்கு என்ன ஆகும் என்று எங்களுக்கே தெரியாது, பாதி இப்போது பாதி அப்புறம் என்று நான் சொல்வேன், நீயும் கேட்பாய். நீ அனுப்பியது கையில் கூடுதலாகத்தான் வரும். அதே வாரம் பாசாரில் வெங்காயம், பூண்டு, பால்மாவு எல்லாம் ஏறியிருக்கும், வெளியிலிருந்து வருகிற சாமானாயிற்றே. அடுத்த வீட்டு ஆன்டிக்குச் சிங்கப்பூரில் பிள்ளை இல்லை. நீ சந்தோஷப்பட்டதும் அவர் பூண்டை எண்ணி எடுத்ததும் ஒரே நம்பரால்தான். கூட்டிக் கழித்துப் பார்த்து யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நம் காசு விழ வேண்டும் என்று என் பிள்ளை அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று ஒரு நிமிஷம் தோன்றும். பிறகு உன் பணத்தை எடுத்துக்கொண்டு பூண்டு வாங்கப் போவேன்.

உன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கச் சென்னைக்குப் போனோமே, அதை நீ எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று தெரியவில்லை. பில் போடும் இடத்தில் அப்பா கார்டை நீட்டினார். அந்த மெஷின், ரூபாயில் எடுக்கவா ரிங்கிட்டில் எடுக்கவா என்று கேட்டது. உங்கப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரிங்கிட்டை அமுக்கினார். "பாத்தியா, நம்ம காசு இங்கயும் செல்லுது!" கடைப்பையன் தலையை ஆட்டினான். எந்த நாட்டில் நிற்கிறாயோ அந்த நாட்டுக் காசையே அமுக்கு என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! நம் காசை அமுக்கினால் அந்த மெஷின்காரன் தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டுக்கொள்வான். அந்த ஊர்க் காசை அமுக்கினால் நம் பேங்க் மாற்றும், அநேகமாக அதுதான் மலிவு. உனக்கும் இது தெரியும். "அப்பா, தப்பா அமுக்..." என்று நீ வாயெடுத்தாய், நான் உன் காலை மிதித்தேன். இரண்டு நாள் நொண்டினாய். ஏன் மிதித்தேன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உங்கப்பா எஸ்டேட்டில் பிறந்தார், பிறந்ததைப் பதிய யாரும் போகவில்லை. பெரியவரானதும் சிவப்பு ஐசி கொடுத்தார்கள். இங்கே இருக்கலாம், இந்த நாட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அரசாங்க வேலை கிடையாது, ஓட்டு கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. கிள்ளான் துறைமுகத்தில் தனியார் கம்பெனி லோரி ஓட்டிக்கொண்டு, லீவு கிடைத்த போதெல்லாம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். நீ பிறக்கும்போதே இந்த நாட்டுக்காரன், அவர் அப்போதும் இல்லை. இன்டர்வியூவில் நாட்டுப்பண் பாடச் சொல்லுவார்களோ என்று லோரியில் போகும்போதெல்லாம் பாடிப் பழகினார். ஜன்னலைத் திறந்து வைத்துப் பாடுவாராம், சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். கடைசியில் யாரும் பாடச் சொல்லவில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கடைசியில் குடியுரிமை கிடைத்து நீல ஐசி கைக்கு வந்த அன்று வீட்டுக்குப் போகாமல் நேராகப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். வரிசையில் நின்றார். முறை வந்ததும் கண்ணாடிக்கு அடியில் ஐசியைத் தள்ளி, முன்பின் தெரியாதவர் மாதிரி, "மேடம், இத மாத்தணும், என்ன ரேட் குடுப்பீங்க?" என்று கேட்டார். குறும்பில் எனக்கு நிகர் இல்லை என்று இருந்தேன், அன்றைக்கு அவர் ஜெயித்துவிட்டார். நானும் விடவில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தேன், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நல்ல நோட்டா என்று பார்த்தேன். "சாரி சார், இத நாங்க வாங்குறதும் இல்ல, விக்கிறதும் இல்ல. பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போங்க," என்றேன். வரிசையே சிரித்தது. பின்னால் நின்றவர், "போஸ், சீக்கிரம் லா!" என்று அப்பாவை முதலாளியாக்கிக் கத்தினார். அப்பாவும் சிரித்தார். சிரித்தபடியே சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். சென்னையில் அந்த மனுஷர் 'நம்ம காசு' என்று சொல்லி அமுக்கும்போது, நான் எப்படியடா ரேட் சொல்லுவேன்?

இப்போது போன தீபாவளியைச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. "நான்தான் கட்டுவேன், யாரும் கையை விடக்கூடாது," என்று அப்பா கார் ஏறும்போதே சொல்லிவிட்டார். முந்தின நாளே பேங்குக்குப் போய்ப் புது நோட்டாக எடுத்து வைத்திருந்தார். பில் வந்ததும் நீ எட்டிப் பார்த்தாய். மாலினியிடம் திரும்பி, "எல்லாருக்கும் சேத்து முப்பது டாலர்கூட வரல பாரேன்," என்றாய். அப்புறம், "விடுங்கப்பா, இது எனக்கு ஒண்ணுமே இல்ல," என்று கார்டை வைத்துவிட்டாய். பாசத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். அப்பா பாதி எடுத்த பர்ஸை மறுபடி பைக்குள் வைத்தார். பில் எடுக்க வந்த பையனிடம், "போஸ், என் மகன் கட்டுறாரு," என்றார். கட்டுறான் என்று சொல்லவில்லை, போய். கட்டுறாரு. நீங்கள் புறப்பட்டுப் போன பிறகு நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம். கேட்டைத் திறக்கும்போது, "பையன் நல்லா இருக்கான்ல," என்று என்னைக் கேட்டார்.

உனக்குப் புரிந்ததோ இல்லையோ, அன்றைக்கு நீ பெருக்கவில்லை. வகுத்தாய். எங்கள் வெள்ளியை மூன்றால் வகுத்து, உன் காசில் அது எவ்வளவு என்று பார்த்தாய். வெளியூர்க்காரன் நம் ஊருக்கு வந்தால் அப்படித்தான் பார்ப்பான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அந்த முகத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், 'அட, இவ்வளவு மலிவா' என்று மலர்கிற முகம். அதில் தப்பே இல்லை. அவன் ரசித்துவிட்டுப் போவான். என் பிள்ளை முகத்தில் அதைப் பார்த்தபோது என் இலையில் பாயசம் இருந்தது, அதை அப்படியே மூடிவிட்டேன். நீ அந்தக் கரைக்காரனாகிவிட்டாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். சர்க்கார் கடிதம் இப்போதுதான் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கோபம் இல்லை. அவ்வளவு நல்ல மார்க் வாங்கியும் இங்கே நீ கேட்ட படிப்புக் கிடைக்கவில்லை, அந்த ராத்திரி நீ சாப்பிடாமல் படுத்தது எனக்கு மறக்கவில்லை. அங்கே உன்னைத் திறமைக்காக எடுத்தார்கள். வீடு, மாலினியின் குடும்பம், நாளைக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எல்லாம் அங்கே. நீ நியாயமாகத்தான் யோசித்திருக்கிறாய். ஆனால் ரேட் என்பது ஒரு நோட்டுக்கு இன்னொரு நோட்டு எவ்வளவு கிடைக்கும் என்று மட்டும்தான் சொல்லும். எந்த ஊர் உசத்தி என்று சொல்லாது, எந்த ஊரில் உன்னை விட்டுவிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொல்லாது. காசுக்காவது திரும்பி வர ஒரு விலை உண்டு, தேய்ந்தாவது வரும். ஐசிக்கு அப்படி இல்லை. கொடுக்க ஒரு வாரம் போதும். திரும்ப வாங்குவது எப்படி இருக்கும் என்று அறிய வேண்டுமானால் உங்கப்பாவைக் கேள். அவர் வாங்கின கதை முழுவதும் உனக்கு ஒருநாளும் அவர் சொன்னதில்லை, பிள்ளை மனசு கஷ்டப்படும் என்று.

திங்கட்கிழமை சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. உனக்காக இன்னும் சிங்கப்பூர் டாலர் ரேட்டைப் பார்க்கிறார், "இன்னிக்குப் பையனுக்கு நல்ல ரேட்," என்று சொல்லிக்கொண்டார். "போய் போன் பண்ணான்," என்று ஆரம்பித்தேன். டிவி சத்தத்தைக் குறைத்தார். "என்னவாம்?" அவர் முகத்தைப் பார்த்தேன். "சனிக்கிழமை வர்றானாம்," என்று என் வாய் சொல்லிவிட்டது. வாழ்க்கையில் எத்தனையோ பேரை ஏமாற்றி விளையாடியிருக்கிறேன். இந்த ஒன்று மட்டும் விளையாட்டு இல்லை, போய்.

அதனால் நீ வர வேண்டும். பத்திரத்தை ஒளித்துவைத்துவிட்டுத் தொலைந்துபோச்சு என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன், யோசிக்கவில்லை என்றால் நான் உன் அம்மா இல்லை. ஒளிக்க மாட்டேன், அது உன்னுடையது. ஆனால் தபாலில் அனுப்ப மாட்டேன், அவரிடம் நான் சொல்லவும் மாட்டேன். நீயே அவர் எதிரில் உட்கார்ந்து சொல். அவர் சாப்பிட்ட பிறகு சொல். ரேட், சம்பளம், வீட்டு விலை என்று ஆரம்பிக்காதே. காரணம் அவர் கேட்டால் மட்டும் சொல். அவர் கேட்காமல் எழுந்து வெளியே போனால் நீயும் கூடவே போ, எங்கே போகிறீர்கள் என்று கேட்காதே. அவர் உன்னைத் திட்டினால் நல்லது. 'சரிப்பா, நல்லா இரு' என்று சொல்லிவிட்டார் என்றால் அன்றைக்கு ராத்திரி நீ பஸ் ஏறாதே, வீட்டிலேயே இரு.

காலையிலேயே பாசாருக்குப் போய் நண்டுக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்தார், சனிக்கிழமைக்குப் பெரியதாக எடுத்து வைக்க வேண்டுமாம். இப்போது உன் அறையில் ஸ்டூல் போட்டு ஏறி ஃபேனைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இறங்குங்கள், விழுந்துவைக்காதீர்கள் என்று நான் இங்கிருந்தே கத்துகிறேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கிருந்து அவர் ஒன்று கேட்கிறார், இரண்டாவது தடவையாகக் கேட்கிறார்: "ஏம்மா, இந்தத் தடவை எத்தன நாளைக்கு வர்றான்?"

அம்மா